வடிகட்டி ஏன் அடைத்துக்கொண்டது

என் வலது காதில் மாட்டும் கருவியின் முனையில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வெள்ளை நிறம், கடுகைவிடச் சிறியது. காதில் ஊறும் குறும்பி உள்ளே போய்க் கருவியைக் கெடுத்துவிடாமல் அது தடுக்கும். அடைத்துக்கொண்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்த வேண்டும். அதற்கென்று தீக்குச்சி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி வரும். ஒரு முனையால் பழையதைக் குத்தி இழுக்கலாம். மறு முனையில் புதியது தயாராக உட்கார்ந்திருக்கும். மாதத்துக்கு ஒன்று போதும் என்று கருவியை வாங்கியபோது சொன்னார்கள். என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்த சமயத்தில் நான் இரண்டு நாளுக்கு ஒன்று மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு இரண்டு காதும் குறைந்துபோயின. இடது காதில் கருவி மாட்டியும் பிரயோஜனம் இல்லை என்று கல்லூரிக் காலத்திலேயே விட்டுவிட்டோம். வலது காதை வைத்துக்கொண்டுதான் பி.காம். முடித்தேன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். கருவி இருந்தால் பக்கத்து அறையில் பேசுவதும் எனக்குக் கேட்கும். இல்லாவிட்டால் எதிரில் நிற்பவரின் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். இந்தக் காதை வைத்துக்கொண்டு இரண்டு வேலை பார்க்க முடியாது, ஒன்றையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன்.

அது ஜூன் மாதத் தொடக்கம். கணவருக்கு முதல் ஷிப்ட். அவர் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் நான்கு மணிக்குத்தான் வருவார். எனக்குத் துணையாக அவருடைய அக்கா வந்திருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கிராமம் அவருக்கு. பிள்ளைகள் இரண்டு பேரும் மறைமலை நகரில் வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு இங்கே வந்து பாப்பாவைப் பார்க்கிறேன் என்று வந்தவர்.

அன்று பகல் பதினொரு மணி இருக்கும். அண்ணி மெயின் ரோட்டில் மீன் வாங்கப் போயிருந்தார். குழந்தை அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் சமையல் மேடையைப் பார்த்து நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மனம் லேசாக இருந்ததையும், ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததையும் நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தற்செயலாகத் திரும்பினேன். சமையலறை வாசற்படியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் என் மகள். முகம் கறுத்துச் சிவந்து, சட்டை முழுக்க நனைந்து, அழுது அழுது இப்போது விம்மிக்கொண்டிருந்தாள். மீன் பை தரையில் கிடந்தது.

"எவ்ளோ நேரமா அழுதுகினு கீது தெரியுமா? தெருமொனை வரைக்கும் கேக்குது," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன்.

கருவியைக் கழற்றிப் பார்த்தேன். முந்தாநாள் மாற்றிய வடிகட்டி மஞ்சளாக அடைத்திருந்தது. சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் நின்றுபோவதை எப்படிக் கேட்பது?

சாயங்காலம் கணவர் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும் அண்ணி நடந்ததைச் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தன் யோசனையைச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பா அவர் வீட்டில் இருக்கட்டும். சனிக்கிழமை நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகலாம். இந்தப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிற வீடுகளில் இது வழக்கம்தான். எங்கள் வரிசையிலேயே இரண்டு வீட்டுக் குழந்தைகள் அப்படி ஊரில் வளர்கிறார்கள். ஆனால் நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்துகொண்டே குழந்தையை அனுப்ப வேண்டிய நிலைமை எனக்கு மட்டும்தான்.

"இப்ப படுத்துகினு கீது. நாளிக்கு தவழ ஆரம்பிச்சா? உன்ன கொற சொல்லலமா. கேக்கலன்னா நீ இன்னா பண்ணுவ," என்று அண்ணி என்னிடம் சொன்னார். பிறகு தம்பியைப் பார்த்து, "ஆடி பொறக்கறதுக்குள்ள நான் வூட்டுக்குப் போவணும், கோயில்ல கூழ் ஊத்தறாங்க. போவும்போது பாப்பாவ எடுத்துனு போறனா, வுட்டுட்டுப் போறனா, நீங்களே பாத்து சொல்லுங்க," என்றார்.

கணவர் சரி, பார்க்கலாம் அக்கா என்றார். அண்ணி சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

யாரிடமும் சொல்லாத இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குக் கேட்கும் திறன் இன்னும் குறையலாம் என்று கைப்பேசியில் படித்திருந்தேன். அது எல்லோருக்கும் அல்ல, சில வகைக் காது நோய் இருப்பவர்களுக்கு மட்டும் என்றும் அதிலேயே போட்டிருந்தது. நான் அந்த வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். வடிகட்டியை மாற்றிய அன்றும் சத்தம் முன்பு போல இல்லை, ஏதோ தலையணைக்குப் பின்னாலிருந்து வருவது போல இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தோன்றுவது நிஜமா, பயமா? மறுநாள் கேட்டால் எனக்கே வேறு பதில் வந்தது.

அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். இன்னும் சுத்தமாக இருந்தேன். படுக்கும் முன் கருவியைக் கழற்றிய உடனே, சூடு ஆறுவதற்குள், பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். துணியால் துடைப்பேன். காலையில் குளித்துவிட்டு வந்து பட்ஸால் காதைச் சுத்தம் செய்து, ஈரம் போன பிறகே மாட்டுவேன். வியர்த்தால் சாயங்காலமும் ஒரு தடவை பட்ஸ். காது சுத்தமாக இருந்தால்தானே கருவி சுத்தமாக இருக்கும். பஞ்சு வெள்ளையாக வெளியே வரும்போது எனக்கு ஒரு நிம்மதி. அன்றைக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்கிற நிம்மதி.

கணவர் அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். கம்பெனியில் பாகங்கள் வரும் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்குச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் போட்டிருப்பார்கள். கேட்டு வாங்கி ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். பிஸ்கட் டப்பாவில் அவற்றைப் போட்டு, கருவியை இரவு அதற்குள் வை, வியர்வை ஈரம் போய்விடும் என்றார். அண்ணி ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கல்கண்டு மாதிரி இருக்கிறது, பாப்பா வாயில் போட்டுக்கொள்ளப் போகிறது என்று டப்பாவைத் தூக்கி அலமாரி மேல் தட்டில் வைத்தார். இன்னொரு நாள், லைனில் காற்றடித்துத் தூசி போக்கும் ஏர் கன் இருக்கிறது, கருவியை எடுத்துப்போய் ஒரு அடி அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று கணவர் யோசித்தார்.

"அது பிரேக் டிஸ்க் இல்லைங்க," என்றேன்.

"அதான் யோசிக்கறேன்," என்று சொல்லிக் கையில் எடுத்த கருவியைக் கீழே வைத்தார்.

அவருடைய உண்மையான வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. நான் கழற்றிப் போடும் வடிகட்டிகளை எறிய வேண்டாம் என்றார். ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக செல்லோடேப் போட்டு ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதினார். கம்பெனியில் பழுதான பாகத்தை அப்படித்தான் எடுத்துவைப்பார்களாம். கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்கிற சின்ன லென்ஸ் ஒன்று அவரிடம் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு என் காது அழுக்கை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லை.

முதலில் தூசி என்று முடிவு செய்தார். எங்கள் தெரு மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது. கன்டெய்னர் லாரிகளும், அடுக்கடுக்காகக் கார் ஏற்றிப்போகும் நீள வண்டிகளும் போய்க்கொண்டே இருக்கும். காலையில் துடைத்த டிவியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். மூன்று நாள் ஜன்னல்களைச் சாத்தியே வைத்தோம். ஜூன் வெயிலில் வீடு வெந்தது. குழந்தைக்கு வேர்க்குரு வந்தது. வடிகட்டி மூன்றாம் நாள் வழக்கம்போல் அடைத்துக்கொண்டது. அடுத்து, இந்தப் பெட்டியே சரியில்லை, தயாரிப்பில் கோளாறு இருக்கும் என்றார். வேறு பெட்டி வாங்கி வந்தோம். அதுவும் அடைத்துக்கொண்டது. தாளில் ஐந்து வடிகட்டிகள் சேர்ந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தை தூங்கியதும், டயப்பர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தை மேலே திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒய்-ஒய் போடலாம் என்றார். கம்பெனியில் ஒரு பாகம் தவறாக வந்துவிட்டால் சூப்பர்வைசர் முதல் எல்லோரும் உட்கார்ந்து இதைச் செய்வார்கள். ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்து தடவை கேட்டால் ஆணிவேர் தெரிந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆள் மேல் பழி போடக்கூடாது என்பது அதில் முதல் விதியாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தார்.

ஏன் சத்தம் கேட்கவில்லை? வடிகட்டி அடைத்திருக்கிறது. ஏன் அடைத்தது? குறும்பி சேர்ந்துவிட்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம் சேருகிறது? இங்கே நின்றுவிட்டோம். அவர் வியர்வை என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். உடம்புச் சூடு என்றேன் நான். அதையும் எழுதினார். இரண்டுமே எங்களுக்கு நம்பிக்கையாக இல்லை.

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

"பட்ஸ எழுதினியா?" என்றார்.

"பட்ஸு சுத்தம் பண்றதுக்குக்கா," என்றார் கணவர்.

"குப்பக்கூடைய தெனம் கொட்றவ நானு. காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நான் வந்த புதுசுல முனை மஞ்சளா இருக்கும். இப்ப ரெண்டு வாரமா வெள்ளையா கீது. காதுல அழுக்கே இல்லன்னா இந்த மிஷின்ல எங்கேந்துடா வருது?"

கணவர் பேனாவைத் தூக்கியவர் தூக்கியபடியே இருந்தார். பிறகு மெதுவாக, "உள்ள தள்ளியிருக்கு," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. பட்ஸ் அழுக்கை எடுக்கவில்லை. நான் தினமும் இரண்டு வேளை, தவறாமல், அதைத் துப்பாக்கி மருந்து மாதிரிக் கெட்டித்துக்கொண்டிருந்தேன். அது கெட்டியான இடத்தில்தான் கருவியின் முனை போய் இடிக்கிறது. எந்த வெள்ளைப் பஞ்சைப் பார்த்து நிம்மதிப்பட்டேனோ அதுதான் தப்பின் அடையாளம்.

கணவர் விதிப்படி அடுத்த கேள்விக்குப் போனார். "ஏன் ரெண்டு வேளை பட்ஸ் போடற?"

அது அட்டையில் எழுதுகிற கேள்வி. ஆனால் நான் குழந்தை தூங்கும் அறையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அவ அழறது கேக்காம போயிடுமோன்னு." அதோடு நிற்காமல், கைப்பேசியில் படித்ததையும், காது இன்னும் குறைந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவதையும், மூன்று மாதமாக அதை மறைத்ததையும் சொல்லிவிட்டேன்.

அவர் எழுதவில்லை. பேனாவுக்கு மூடி போட்டார்.

"அத எழுதாத," என்றார் அண்ணி, மொச்சைத் தோலைக் கூட்டிக்கொண்டே. "நாளிக்கு டாக்டராண்ட போலாம். நானும் வரேன்."

மறுநாள் ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் போய், அங்கிருந்து ரயிலில் தாம்பரம் பக்கத்தில் உள்ள ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போனோம். காதைச் சோதித்துக் கருவி தந்த ஆடியாலஜிஸ்டும் அதே இடத்தில்தான் இருக்கிறார். அண்ணி மடியில் குழந்தை. டாக்டர் மெல்லிய கேமராவைக் காதுக்குள் விட்டுத் திரையில் காட்டினார். உள்ளே வழியே தெரியவில்லை. கரும்பழுப்பாக ஒரு கட்டி.

அண்ணி எட்டிப் பார்த்து, "இன்னா டாக்டர், கருப்பட்டி மாரி கீது," என்றார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக்கூட வந்தது.

கட்டி காய்ந்து இறுகியிருப்பதால் உடனே எடுத்தால் வலிக்கும், புண்ணாகலாம் என்றார். ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்துவிட்டு வரச் சொன்னார். அந்த ஐந்து நாளும் அந்தக் காதில் கருவி மாட்டக்கூடாது. எனக்கு இருப்பதே அந்தக் காதுதான் என்றேன். தெரியும் என்றார். ஐந்து நாள் எனக்கு எதுவும் கேட்காது. நான் குழந்தையைப் பார்த்தேன். அண்ணி என் முழங்கையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, உதடு நன்றாகத் தெரியும்படி, "நான் கீறேன்ல," என்றார்.

அந்த ஐந்து நாளை நான் மறக்க மாட்டேன். சமையலறை முழுக்க அண்ணி கையில் போய்விட்டது. நான் குழந்தையை விட்டு நகரவில்லை. கேட்காத வீட்டில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எப்போதும் பாதிக் கவனம் காதிலேயே இருக்கும். அவள் அழுகை வாயில் தொடங்குவதில்லை. முதலில் கால் விரல்கள் மடங்கும். பிறகு மூக்கின் மேல் ஒரு சுருக்கம். முஷ்டி இறுகும். அதற்குப் பிறகுதான் வாய் கோணும். தூங்கும்போது அவள் முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தால், சிணுங்கத் தொடங்கும் முன்பே அதிர்வு கைக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் கால் விரல் மடங்கியதுமே எடுத்துவிட்டேன். அவள் அழவே இல்லை. சும்மா நெளித்ததற்கு எதற்குத் தூக்கினாய் என்பது போல என்னைப் பார்த்தாள்.

ஆனால் எத்தனை நாளைக்கு ஒரு குழந்தையின் முதுகில் கையை வைத்துக்கொண்டே இருக்க முடியும்? நான்காம் நாள் அண்ணியின் பையைப் பார்த்தேன். அறையின் மூலையில் திறந்திருந்தது; உள்ளே, அவருடைய புடவைகளுக்குப் பக்கத்தில், குழந்தையின் சட்டைகள் நான்கைந்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. துவைத்து மடித்ததைத் தற்காலிகமாக வைத்தாரா, எடுத்துப்போக வைத்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டாலும் பதில் எனக்குக் கேட்டிருக்காது.

ஆறாம் நாள் டாக்டர் ஒரு மெல்லிய குழாயால் கட்டியை உறிஞ்சி எடுத்தார். தலைக்குள் ஏதோ இடம் பெயர்ந்தது போல இருந்தது. கொஞ்சம் தலை சுற்றியது. காதைத் துடைத்துவிட்டுப் புது வடிகட்டியுடன் கருவியை மாட்டினேன். முதலில் கேட்டது மின்விசிறி. பிறகு அண்ணியின் கண்ணாடி வளையல். பிறகு ஒரு ஈரமான சப்பு சப்பு சத்தம். என்ன என்று புரியாமல் திரும்பினேன். என் மகள் அண்ணியின் வீட்டுச் சாவியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஆடியாலஜிஸ்ட் என்னைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்துச் சோதனை செய்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்ட மாதிரி தோன்றியதற்கும் அழுத்திவிட்டேனோ என்று நடுவில் சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் வைத்தார். வெளியே வந்ததும் பழைய வரைபடத்தின் மேல் புதியதை வைத்துக் காட்டினார். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே போயின.

"மூணு வருஷம் முன்னாடி இருந்த அதே காதுதாங்க. ஒண்ணும் குறையல," என்றார்.

நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையே சொன்னார்.

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, எழுதிக்கொள்ளப் பேனாவையும் எடுத்தேன். காதுக்குள் எதையும் விடக்கூடாது, குளித்ததும் துண்டின் முனையால் வெளிக்காதை மட்டும் துடைத்தால் போதும் என்றார். குறும்பி தானாக நகர்ந்து வெளியே வரும். காதே அதைப் பார்த்துக்கொள்ளும். கருவி மாட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் அதிகம் சேரும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர்களிடம் காட்டினால் போதும். கருவியைப் படுக்கும் முன் தேய்க்காமல் காலையில் பிரஷ் போட வேண்டும். கழற்றிய உடனே குறும்பி இளகி இருக்கும், தேய்த்தால் வடிகட்டியின் வலைக்குள் பூசிக்கொள்ளும். விடிந்ததும் காய்ந்து உதிர்ந்துவிடும். பிரஷ் போடும்போது கருவியின் வாய்ப்பக்கம் தரையைப் பார்க்க வேண்டும், உதிர்வது கீழே விழுவதற்கு. நான் இத்தனை வருடமும் அதை மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு, நன்றாகத் தெரிகிறது என்று தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற என்ன பண்ணணும்?" என்றேன்.

"வேற ஒண்ணும் பண்ணாதீங்க. உங்களுக்கு அதுதான் கஷ்டம்," என்றார்.

கஷ்டமாகத்தான் இருந்தது. குளித்துவிட்டு வந்தால் கை தானாகப் பட்ஸ் டப்பாவைத் தேடும். அண்ணி அதை எடுத்துக் குழந்தையின் மை டப்பாவோடு எங்கோ வைத்துவிட்டார். காதுக்குள் ஒன்றும் செய்யாமல் கருவியை மாட்டும்போது பல் தேய்க்காமல் காபி குடிப்பது போல இருந்தது. ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் வடிகட்டியை மாற்றிவிட்டேன். கணவர் பழையதை லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"நல்ல பீஸ ரிஜெக்ட் பண்ணிட்ட," என்றார். ஐந்து பழுதுக்கும் பக்கத்தில் அதையும் ஒட்டி, கீழே ஓகே என்று எழுதினார்.

அந்த வாரத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் திரும்பும் மூலைகளில் வயிறு உப்பின மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியும். அதே மாதிரி சின்னதாக ஒன்று வாங்கி வந்து அடுப்புக்கு மேலே சுவரில் பொருத்தினார். நிமிர்ந்தால் அறையும் கட்டிலும் அதில் முழுதாகத் தெரிந்தன. கருவி ஒருநாள் நின்றுபோனாலும் கண் இருக்கிறது என்றார். குளிப்பதை அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்வது என்றும், கருவியைக் கழற்றி வைக்கிற நேரம் வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்றும் பேசி வைத்துக்கொண்டோம். அண்ணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, பூசணிக்காய் மாதிரி காட்டுகிறதே என்று மட்டும் சொன்னார்.

ஆடி பிறக்க நான்கு நாள் இருந்தது. காதைச் சுத்தம் செய்த பிறகு மாட்டிய இரண்டாவது வடிகட்டிக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. குக்கர் அடுப்பில் இருந்தது, முதல் விசில் இன்னும் வரவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அண்ணி முன்வாசலில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. தூக்கத்திலிருந்து எழுந்தவள் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது போல, தொண்டைக்குள் ஒரு 'ம்'. துருவலைப் போட்டுவிட்டு நடந்தேன். அறை வாசலில் அண்ணியும் நானும் ஏறக்குறைய இடித்துக்கொண்டோம். அவருக்கும் அப்போதுதான் கேட்டிருக்கிறது. என் கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைப் பார்த்தார். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

ஒரு தடவை கேட்டது போதுமா, அது தற்செயலா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் குழந்தைக்குக் கூழ் ஊட்டும்போது அண்ணி பையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என் துணிய மட்டும் எடுத்து வைமா. பாப்பா துணி உள்ள மாட்டிகினு கீது பாரு, அத எடுத்து பீரோல வை," என்றார்.

நான் ஒவ்வொரு சட்டையாக எடுத்து வெளியே வைத்தேன். நான்கு சட்டை, ஒரு குல்லா. ஒவ்வொன்றையும் மறுபடி மடித்தேன். கூழ் ஆறிப்போவுது என்றார்.

ஆடி முதல் தேதிக்கு முந்தின நாள் கணவர் அவரை பைக்கில் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அடுத்த நாள் காலை குளித்து, காய்ந்த கருவியை வாய் கீழே பார்க்கப் பிடித்து நான்கு தடவை பிரஷ் போட்டு, மாட்டினேன். கணவர் பஸ்ஸுக்குப் போனார். அண்ணி மீன் வாங்கப் போன அந்த நாளுக்குப் பிறகு முதன்முதலாக நானும் மகளும் தனியாக இருந்தோம். காலை முழுக்க நான் கருவியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். கண்ணாடியை இருபது தடவை பார்த்திருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். பத்தரை மணிக்கு அழுதாள். போய் எடுத்தேன். அவ்வளவுதான்.

அவள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. அண்ணி. பின்னால் கோயில் மைக்கும் கூட்டமும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலிலும் அவர் குரலை என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது.

"பாப்பா அழுதாளா?"

"அழுதா அண்ணி."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

மைக்கில் யாரோ கூழுக்கு வரிசையில் வரச் சொன்னார்கள்.

"செரி வை. கூழ் ஊத்தறாங்க, நான் போறேன்," என்றார்.